பகலில் ஒரு வாசல், இரவில் ஒரு வாசல்: இலையின் வெல்லம் பச்சையவுருமணியை விட்டு வெளியேறுவது எப்படி?

பூநகரிப் பனை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி. அப்பா சீவல் தொழில் செய்கிறார். மாலையில் பாளையின் நுனியை மெல்லியதாகச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டியைக் கட்டிவிட்டு இறங்குவார். விடியும் முன் மீண்டும் ஏறி அதை இறக்கும்போது முட்டியில் கருப்பநீர் நிறைந்திருக்கும். சீவிய வாயில் எறும்புகள் வரிசையாக ஒட்டியிருக்கும். சிறு வயதிலிருந்து பார்த்துவரும் இந்தக் காட்சி, ஒளித்தொகுப்புப் பாடத்தைப் படித்த பிறகுதான் எனக்குப் புதிராகிவிட்டது. வெயில் அடங்கிய பின்னர் இரவு நெடுகச் சொட்டுகின்ற இந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது?

பகலில் பச்சையவுருமணிக்குள் சேர்ந்த மாப்பொருள் இரவில் வெல்லமாக மாறி உரியத்தை அடைகிறது என்று என் குறிப்புக் கொப்பியில் ஒரே வரியில் எழுதியிருக்கிறேன். (உரியம் என்பது வெல்லத்தை மரமெங்கும் கொண்டுசெல்லும் இழையம்.) அந்த வரியைப் படிக்கப் படிக்கச் சந்தேகம்தான் கூடுகிறது. மாப்பொருளோ நீரில் கரையாத மணி. ஒளித்தொகுப்பு நடக்கும் அந்தப் பச்சையவுருமணியைச் சுற்றி இரண்டு மென்சவ்வுகள் இருக்கின்றன. வெல்லம் கொழுப்பாலான சவ்வைத் தானாகக் கடக்காது என்றும் படித்திருக்கிறோம். அப்படியானால் அது எந்த உருவில், எந்த வழியால் வெளியே வருகிறது? பகலில் வெளியேறுவதும் இரவில் வெளியேறுவதும் ஒரே பாதையாலா? தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

இரணைமடு ரீச்சர் எழுதியது:

பிள்ளை, "மாறி" என்ற அந்த ஒரு சொல்லுக்குள்தான் முழு விடயமும் ஒளிந்திருக்கிறது. வகுப்பில் நேரம் போதாமல் நாங்களும் அதை அப்படியே கடந்துவிடுகிறோம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். இப்போது பகற்பாதையை மட்டும் சொல்கிறேன்.

பச்சையவுருமணியின் வெளிச்சவ்வில் சிறு மூலக்கூறுகள் போய்வரக்கூடிய துளைகள் உள்ளன; அங்கே பெரிய தடையில்லை. உண்மையான காவல் உட்சவ்வில்தான். காபனீரொட்சைட்டைப் பிடித்துச் சேர்க்கும் வினைத்தொடரான கல்வின் வட்டத்தில் உருவாகும் மூவோசு பொசுபேற்று என்னும் மூன்று காபன் கொண்ட மூலக்கூறு, உட்சவ்விலுள்ள ஒரு கடத்திப் புரதத்தைப் பற்றிக்கொண்டு, பச்சையவுருமணிக்கு வெளியே கலத்தை நிரப்பியிருக்கும் குழியவுருவுக்குள் வருகிறது. பகலில் பெரும்பாலும் வெளியே வருவது இதுதான். குளுக்கோசும் அல்ல, சுக்குரோசும் அல்ல. சுக்குரோசு பச்சையவுருமணிக்குள் தயாராகி வெளியே வருகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். சுக்குரோசு ஆக்கப்படுவது வெளியே, குழியவுருவில்.

இந்தக் கடத்தியின் நிபந்தனை கடுமையானது. ஒரு மூவோசு பொசுபேற்று வெளியே போகவேண்டுமானால் ஓர் அசேதனப் பொசுபேற்று உள்ளே வரவேண்டும். ஒன்றுக்கு ஒன்று; கடன் கிடையாது. ஏன் இப்படி என்று மாணவர்கள் கேட்பார்கள். புரதத்தின் நடுவில் ஒரு குழி இருக்கிறது. அது ஒரு நேரத்தில் ஒரு பக்கமாக மட்டுமே திறக்கும். குழியில் ஏதாவது அமர்ந்திருந்தால்தான் புரதம் தன் வடிவத்தை மாற்றி மறுபக்கமாகத் திறக்கும். வெறுமையாக இருந்தால் அது திரும்பாது. ஆகவே சரக்கை இறக்கிய பின் ஒரு பொசுபேற்றை ஏற்றாமல் அதனால் மீள முடியாது. 2017இல் ஒரு சிவப்பு அல்காவின் கடத்தியின் அணுநிலை வடிவம் வெளியானபோது இந்த விளக்கம் கண்ணால் பார்க்கும் அளவுக்குத் தெளிவானது.

இப்போது கொப்பியை எடுத்துக் கணக்கைப் போட்டுப் பாரும். சுக்குரோசில் பன்னிரண்டு காபன்கள். எனவே நான்கு மூவோசு பொசுபேற்றுகள் வெளியே வரவேண்டும்; நான்கு பொசுபேற்றுகள் உள்ளே போகவேண்டும். அந்த நான்கும் எங்கிருந்து கிடைக்கும்? சுக்குரோசை ஆக்கும் படிகளிலேயே நான்கும் விடுபடுகின்றன. இரண்டிரண்டாக மூவோசுகள் சேர்ந்து ஆறு காபன் கொண்ட எக்சோசு ஆகும்போது இரண்டு, கடைசிப் படியில் சுக்குரோசு பொசுபேற்றிலிருந்து ஒன்று, இடையில் குளுக்கோசு யூ.டி.பி. என்னும் காவி மூலக்கூறுடன் இணைந்து செயலூட்டப்படும் சுற்றில் ஒன்று. யூ.டி.பி. குளுக்கோசு போன்ற இந்த நியூக்கிளியோதைட்டு வெல்லங்களைக் கண்டறிந்ததற்காகத்தான் ஆர்ஜென்டீனாவின் லூயிஸ் லெலுவாருக்கு 1970இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. சுக்குரோசு ஆக்கம் தடையின்றி நடந்தால் வாசலும் தடையின்றித் திறக்கும் என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது.

பாண்டியன்குளம் எழுதியது:

ரீச்சர், நான் வயல் செய்கிறவன்; பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆனாலும் நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பொசுபேற்றுத்தான் வாசலின் விலை என்றால், அடிக்கட்டுப் பசளையில் முச்சூப்பர் பொசுபேற்றுப் போடாமல் விட்ட வயலில் என்ன நடக்கும்? ஒரு காலபோகத்தில் எனக்குப் பொசுபேற்றுப் பசளை கிடைக்கவில்லை. பயிர் காயவில்லை, பார்த்தால் வழக்கத்தைவிடக் கரும்பச்சையாக நிமிர்ந்து நின்றது. ஆனால் மட்டம் வெடிப்பது (பக்கத் தூர் விடுவது) குறைந்து குட்டையாகவே நின்றுவிட்டது. இலை நல்ல பச்சை, பயிர் மட்டும் வளரவில்லை என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவேயில்லை.

இரணைமடு ரீச்சர் எழுதியது:

ஐயா, நீங்கள் வயலில் கண்டதற்குக் காரணங்கள் பல. பொசுபேற்று இல்லாமல் கலப்பிரிவே தளர்ந்துவிடும். ஆனால் அவற்றுள் ஒன்று இந்த வாசலில்தான் இருக்கிறது. குழியவுருவில் பொசுபேற்றுக் குறைந்தால், வெளியேற வந்த மூவோசு பொசுபேற்றுக்கு மாற்றுச் சரக்குக் கிடைக்காது. அது உள்ளேயே தங்கும். உள்ளே தங்கியது மாப்பொருளாகக் குவியும். இலையில் களஞ்சியம் நிறைந்திருக்க, வேரும் குருத்தும் பட்டினி கிடக்கும்.

இதை ஆய்வுகூடத்தில் மிக எளிதாகக் காட்டியிருக்கிறார்கள். இலையிலிருந்து வட்டத் துண்டுகளை வெட்டி மன்னோசு என்னும் வெல்லக் கரைசலில் மிதக்க விடவேண்டும். மன்னோசு கலத்துக்குள் புகுந்ததும் ஒரு பொசுபேற்றைப் பற்றிக்கொள்ளும். அந்த இலைகளில் அதற்கு மேல் அது மாறுவது அரிது. கலத்தின் பொசுபேற்றெல்லாம் இப்படிச் சிறைப்படும். சில மணித்தியாலங்களின் பின் அயடீன் இட்டுப் பார்த்தால், வெறும் நீரில் மிதந்த துண்டைவிட மன்னோசில் மிதந்த துண்டு அதிகமாகக் கறுக்கும். 1975இல் வெளியான இந்தச் சோதனையைப் படித்த நாளிலிருந்து, பொசுபேற்றுக் குறைபாட்டைக் கற்பிக்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

முருங்கன் எழுதியது:

ரீச்சர் பகலைச் சொல்லிவிட்டார். நான் தாவர உடற்றொழிலியலில் ஆய்வு மாணவன். இரவைப் பற்றி எழுத அனுமதியுங்கள்.

இரவில் கல்வின் வட்டம் நின்றுவிடுகிறது; மூவோசு பொசுபேற்று உருவாவதில்லை. மாப்பொருள் மணியின் மேற்பரப்பை நொதியங்கள் அரித்து, இரண்டு குளுக்கோசுகள் இணைந்த மோற்றோசாகவும் ஓரளவு தனிக் குளுக்கோசாகவும் பிரிக்கின்றன. மோற்றோசுக்கு உட்சவ்வில் தனியான ஒரு வாசல் இருக்கிறது. அதை அமைக்கும் மெக்ஸ்1 என்னும் மரபணுவை, ஆய்வுகூடங்களில் வளர்க்கும் சிறு செடியான அரபிடொப்சிசில் 2004இல் கண்டறிந்தார்கள். அந்த மரபணு பழுதான செடிகளில் மோற்றோசு பச்சையவுருமணிக்குள் பன்மடங்காகத் தேங்கியது, இலை வெளிறியது, செடி குறுகியது. குளுக்கோசுக்கு வேறொரு கடத்தி உண்டு. வெளியே வந்த மோற்றோசைக் குழியவுருவிலுள்ள இன்னொரு நொதியம் பிரிக்கிறது. அதன் பின்னர் அந்தக் குளுக்கோசுகள் சுக்குரோசாகி உரியத்துக்குப் போகின்றன. ஆகவே தங்கையின் இரண்டாவது கேள்விக்கு விடை, பாதைகள் இரண்டும் வெவ்வேறு என்பதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான். உருளைக்கிழங்கில் பகல்வாசற் கடத்தியின் அளவை மரபணு முறையில் குறைத்துப் பார்த்தார்கள். செடி செத்துவிடும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். அது சாகவில்லை. பகலில் வெளியேற்ற முடியாததை மாப்பொருளாகக் குவித்துவைத்து, இரவுவாசலால் அனுப்பிப் பிழைத்துக்கொண்டது. அதேநேரம், பகல்வாசலும் இல்லாமல் மாப்பொருள் ஆக்கும் வழியும் இல்லாமல் உருவாக்கிய அரபிடொப்சிசு செடிகள் வளர்ச்சியில் மிகவும் பின்தங்கின.

மாப்பொருளைக் கரைக்கும் வேகமும் தற்செயலானதன்று. இருட்டியதிலிருந்து விடியும்வரை ஏறக்குறைய ஒரே சீராகக் கரைத்து, விடியும் வேளையில் பெரும்பகுதியையும் முடித்துவிடுகிறது இலை. விளக்கைச் சில மணித்தியாலம் முன்னதாகவே அணைத்து இரவை நீட்டினால், அன்றிரவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு அந்த நீண்ட இரவுக்கும் போதுமாக்குகிறது. உள்ளக உயிர்க்கடிகாரம் இதற்குத் துணைநிற்கிறது.

ஒரு திருத்தமும் சொல்லவேண்டும். பனைக் குடும்பத்து மரங்கள் இலையில் மட்டும் சேமிப்பதில்லை. தண்டிலும் மாப்பொருளைச் சேமிக்கின்றன. ஆகவே உங்கள் அப்பாவின் முட்டியில் விழும் ஒவ்வொரு துளியும் அன்றைய பகலில் ஆனது என்று கொள்ளக்கூடாது. தண்டுக் கலங்களின் பச்சையமற்ற உருமணிகளில் வாசல் உட்புறமாக வேலை செய்கிறது. குளுக்கோசு-6-பொசுபேற்று (பொசுபேற்று ஒட்டிய குளுக்கோசு) உள்ளே வர, பொசுபேற்று வெளியே போகும். இலையில் உள்ள கடத்திக்கு உறவான புரதம்தான். திசை மட்டும் மறுதலை.

பூநகரிப் பனை எழுதியது:

ரீச்சருக்கும் முருங்கன் அண்ணாவுக்கும் மிகவும் நன்றி. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மரம் இரவுக்கென்று பங்கு வைக்கிறது" என்பதை அவர் உடனே ஏற்றுக்கொண்டார். பிறகு, தான் சுண்ணாம்பு பூசாவிட்டால் அந்தப் பங்கு கள்ளாகிவிடுவதற்கும் இந்த வாசல்களுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டார். என் பங்குக்கு இன்னொரு கேள்வி. கலத்தில் மிகப் பெரிய அறை புன்வெற்றிடம் என்று படித்தோம். வெல்லம் அதற்குள் போவதில்லையா?

முருங்கன் எழுதியது:

அப்பாவின் கேள்வி அருமையானது. கள்ளைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரான நுரைமத்தின் (ஈஸ்ற்) கலத்துக்குள் சுக்குரோசு பெரும்பாலும் சுக்குரோசாகவே புகுவதில்லை. நுரைமம் தன் கலமென்சவ்வுக்கு வெளியே ஒரு நொதியத்தை வைத்து, அங்கேயே அதைக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் வெட்டுகிறது. வெட்டியவற்றைத்தான் எக்சோசுக் கடத்திகளால் உள்ளே இழுக்கிறது. அந்தக் கடத்திகளுக்கு நுரைமத்தில் இருபது வரையான மரபணுக்கள் உண்டு. சில வெல்லம் மிகுந்திருக்கும்போது வேலை செய்பவை, சில அரிதாகும்போது. சுண்ணாம்பு முட்டியைக் காரமாக்குவதால் நுரைமமும் அந்த நொதியமும் முடங்குகின்றன. கருப்பநீர் கருப்பநீராகவே இருக்கிறது.

புன்வெற்றிடத்துக்கு வருகிறேன். முதிர்ந்த தாவரக் கலமொன்றின் கனவளவில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேலும் அது பிடித்துக்கொள்ளக்கூடும். அங்கே வெல்லத்தைச் செறிவு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு ஏற்றவேண்டியிருக்கிறது. அதற்கு வலு வேண்டும். முதலில் கலத்தின் வலுக் காவியான ஏ.ரி.பி.யைச் செலவிட்டுப் புரோத்தன்கள் (ஐதரசன் அயன்கள்) புன்வெற்றிடத்துக்குள் இறைக்கப்படுகின்றன. தேசிக்காய் புளிப்பதும் இந்த இறைப்பால்தான். இறைத்த புரோத்தன் வெளியே கசியத் துடிக்கிறது. அது வெளியே வரும் வழியில் வெல்லத்தை உள்ளே தள்ளிவிடும் கடத்திகள் புன்வெற்றிடச் சவ்வில் இருக்கின்றன. சீனிக்கிழங்கு தன் எடையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கைச் சுக்குரோசாகச் சேர்ப்பது இப்படியான ஒரு கடத்தியால். அதை 2015இல் அடையாளம் கண்டார்கள். திரும்ப வெளியே எடுக்கும்போது புரோத்தனும் சுக்குரோசும் சேர்ந்தே வெளியேறும் வேறொரு கடத்தி வேலை செய்கிறது.

செட்டிகுளம் தாதி எழுதியது:

இலைகளைப் பற்றிய பேச்சில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் சிறுவர் விடுதியில் பணியாற்றும் தாதி. பல ஆண்டுகளுக்கு முன்னர், பால் குடித்துச் சில மணித்தியாலங்களிலேயே குருதியில் வெல்லம் விழுந்துவிடும் ஒரு குழந்தையைப் பராமரித்தேன். ஈரல் பெருத்து வயிறு உப்பியிருந்தது. இரவில் ஊட்டத் தவறினால் விடியும் முன் உடல் குளிர்ந்து வியர்த்துத் துவண்டுவிடும். முதலில் பார்த்த இடத்தில் "தாய் ஒழுங்காகப் பால் கொடுப்பதில்லை" என்று அந்தத் தாயைக் கடிந்திருக்கிறார்கள். அவர் அதைச் சொல்லி அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. கிளைக்கோசன் (ஈரல் வெல்லத்தைச் சேமிக்கும் உருவம்) சேமிப்பு நோயின் முதலாம் வகை என்று பின்னர் உறுதியானது. ஈரலில் வெல்லம் குவிந்திருந்தும் குருதிக்கு ஏன் வரவில்லை என்பதை இந்த இழையைப் படித்த பிறகுதான் நான் சரியாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். இதுவும் ஒரு வாசற் பிரச்சினைதானா?

இரணைமடு ரீச்சர் எழுதியது:

ஆம் தங்கச்சி, மிக நெருங்கிய உறவுள்ள பிரச்சினைதான். ஈரற் கலத்தில் கிளைக்கோசன் உடையும்போது கிடைப்பது பெரும்பாலும் குளுக்கோசு-6-பொசுபேற்று. பொசுபேற்று ஒட்டியிருக்கும்வரை அது கலத்தை விட்டு வெளியேற முடியாது. அந்தப் பொசுபேற்றைக் கழற்றும் நொதியமோ குழியவுருவில் இல்லை. குழியவுருவுக்குள் பரந்திருக்கும் சவ்வு வலையான அகமுதலுருச் சிறுவலையின் சவ்வில், தன் செயலிடம் சிறுவலையின் உட்புறம் பார்த்தபடி அமர்ந்திருக்கிறது. ஆகவே குளுக்கோசு-6-பொசுபேற்று முதலில் ஒரு கடத்தி வழியாகச் சிறுவலைக்குள் புகவேண்டும். அங்கே பொசுபேற்றை இழக்கவேண்டும். பிறகு குளுக்கோசாக வெளியே வந்து குருதியை அடையவேண்டும்.

இந்த நோயை 1929இல் வொன் கீர்க்கே என்பவர் விவரித்தார். 1952இல் கெர்ட்டி கோரியும் கார்ல் கோரியும் இந்நோயாளரின் ஈரலில் அந்த நொதியம் இல்லாததைக் காட்டினார்கள். ஆனால் சில குழந்தைகளில் நொதியம் நன்றாகவே இருந்தும் நோய் இருந்தது. அவர்களிடம் பழுதானது சிறுவலைக்குள் செல்லும் கடத்தி. நொதியம் உள்ளே காத்திருக்கிறது, சரக்கு வெளியே நிற்கிறது, கதவு திறக்கவில்லை. அதை ஒன்று-பி என்று பிரித்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு வெண்குருதிக் கலங்களும் குறைந்து, அடிக்கடி கிருமித் தொற்று வரும். தாயின் கவனக்குறைவுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை நீங்கள் அந்தத் தாய்க்குச் சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

செட்டிகுளம் தாதி எழுதியது:

சொன்னேன் அக்கா, பலமுறை சொன்னேன். அந்தக் குழந்தைக்கு இரவில் சமைக்காத சோளமாவை நீரில் கரைத்துக் கொடுக்கும்படி வைத்தியர் எழுதியிருந்தார். காய்ச்சினால் விரைவாகச் சமித்துவிடும். பச்சையாகக் கொடுத்தால்தான் மெதுவாகக் கரைந்து விடியும்வரை தாங்கும் என்றார். 1984இலிருந்து இந்த முறை கையாளப்படுகிறது என்றும் சொன்னார். அந்தத் தாய் எலார்ம் வைத்து எழும்பி, கரண்டியால் மட்டம் தட்டி மாவை அளந்து கரைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இலையும் தன் மாப்பொருளை விடியும்வரை அளந்து கரைக்கிறது என்று முருங்கன் தம்பி எழுதிய வரியைப் படித்தபோது எனக்கு அந்த விடுதியின் இரவு விளக்குத்தான் நினைவுக்கு வந்தது.

பாண்டியன்குளம் எழுதியது:

வாசல் பழுதானால் நோய் என்று விளங்குகிறது. வாசலை வேறொருவன் திறந்துவிட்டாலும் நோய் வருமா? நெல்லுக்கு வரும் பற்றீரியா இலைக் கருகலைக் கேட்கிறேன். காற்றோடு மழை பெய்து ஓய்ந்த பிறகு இலையின் நுனியிலிருந்து ஓரம் வழியாக மஞ்சளாகி, வைக்கோல் நிறமாகக் காய்ந்துகொண்டு இறங்கும். விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நோய்ப்பட்ட இலையை வெட்டி, வெட்டுவாயைத் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டுக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற ஒரு நூல் நீருக்குள் இறங்கியது. அத்தனையும் பற்றீரியா என்றார். அவ்வளவும் எதைத் தின்று பெருகின?

முருங்கன் எழுதியது:

ஐயா, உங்கள் ஊகம் சரி. 2010இல் சுவீட் என்று பெயரிடப்பட்ட ஒரு கடத்திக் குடும்பம் கண்டறியப்பட்டது. வெல்லம் எந்தப் பக்கம் செறிந்திருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, வலுச் செலவின்றி அதைக் கடத்துபவை இவை. சில கலத்தின் வெளிச்சவ்விலும் சில புன்வெற்றிடச் சவ்விலும் இருக்கின்றன. கருகல் நோய்ப் பற்றீரியா ஒரு புரதத்தை நெற்கலத்துக்குள் செலுத்துகிறது. அது கருவுக்குள் போய், சுவீட்14 போன்ற மரபணுவின் முன்பகுதியில் தனக்கென்று ஒரு வரிசையைத் தேடி ஒட்டிக்கொண்டு, அந்த மரபணுவை இயங்கவைக்கிறது. கலம் தானே வாசல்களைக் கட்டித் தன் வெல்லத்தை வெளியே விடுகிறது. வெளியே காத்திருக்கும் பற்றீரியா அதை உண்டு பெருகுகிறது.

சில நெல்லினங்களில் சுவீட்11 மரபணுவின் அந்த முன்பகுதி இயற்கையாகவே மாறியிருக்கிறது. அங்கே பற்றீரியாவின் புரதம் ஒட்ட இடமில்லை. எக்ஸ்.ஏ.13 என்று இனவிருத்தியாளர்கள் கையாளும் எதிர்ப்பு மரபணு இதுதான். 2019இல் மூன்று சுவீட் மரபணுக்களின் முன்பகுதிகளை மரபணுத் திருத்தத்தால் மாற்றி, பலவகைப் பற்றீரியாக்களைத் தாங்கும் நெல்லை உருவாக்கிக் காட்டினார்கள். வாசலை அடைத்துவிடாமல், கள்ளச் சாவி நுழையும் துவாரத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எனவே நெல்லின் சொந்தத் தேவைக்கு வாசல் வழமைபோல் திறக்கும். உங்களால் இப்போதே செய்யக்கூடியது, நோய் கண்ட வயலுக்கு யூரியாவைக் கூட்டாமல் இருப்பது. தழைச்சத்து மிகுந்த பயிரில் இந்நோய் கடுமையாகும்.

பூநகரிப் பனை எழுதியது:

ரீச்சர், இரவுவாசல் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று நானே பார்க்க விரும்பினேன். எங்கள் வேலியோரச் செவ்வரத்தையில் மாலை ஆறு மணிக்கு ஓர் இலையையும், அதே கிளையில் விடியற்காலை ஐந்தரைக்கு இன்னோர் இலையையும் பிடுங்கினேன். இரண்டையும் கொதிநீரில் இட்டுப் பின் மதுசாரத்தில் பச்சையம் நீக்கி அயடீன் விட்டேன். மாலை இலை முழுவதும் கருநீலமானது. காலை இலை பெரும்பாலும் அயடீனின் மஞ்சட் கபில நிறத்திலேயே நின்றது. நரம்புகளின் அருகே மட்டும் மங்கலான நீலம் எஞ்சியிருந்தது. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் கூடவே வெங்காயத் தாளையும் மாலையில் சோதித்தேன். அதில் நீலமே வரவில்லை. நான் எங்கே பிழைவிட்டேன்?

இரணைமடு ரீச்சர் எழுதியது:

பிழை ஒன்றுமில்லைப் பிள்ளை. வெங்காயத்தின் இலை பகலில் ஆக்கியதை மாப்பொருளாகக் குவிப்பதில்லை. மூவோசு பொசுபேற்றைப் பகல்வாசலால் வெளியே அனுப்பி, வெல்லமாகவே புன்வெற்றிடத்தில் சேர்த்து வைக்கிறது. அயடீன் காட்டுவது மாப்பொருளை மட்டுந்தான். அதே தாளை அரைத்து வடித்த சாற்றை, குளுக்கோசு போன்ற வெல்லங்களைக் காட்டும் பெனடிக்ற் கரைசலுடன் சூடாக்கிப் பாரும்; காலை இலையின் நரம்போரத்து நீலத்தையும் கொப்பியில் வரைந்து வையும், அதை மறைக்கவேண்டாம்.

பூநகரிப் பனை எழுதியது:

இன்று பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்தேன் ரீச்சர். நீலக் கரைசல் முதலில் பச்சையானது, பிறகு மஞ்சளானது. கொதிநீரில் சில நிமிடம் வைத்திருந்தபோது குழாயின் அடியில் செங்கட்டி நிறத்தில் படிந்துவிட்டது.